ஹெஸ்டர் குடிக்காத தேநீர்

ஹெஸ்டர் தர்ட்டிலைச் சுற்றி முப்பது கெஜத்துக்குப் பனி உறையாது. ஹெம்ஸ்டேத் கடற்கரையில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. இன்னார் வீட்டுக் கூரை ஒழுகும், இன்னார் வீட்டு நாய் கடிக்கும் என்பதுபோல இதுவும் ஒரு தகவல். குளிர்காலத்தில் அவள் தெருவில் நடந்தால் இருபுறத்துக் கூரைகளிலிருந்தும் பனி சரிந்து விழும் என்பதால் பின்னால் வருகிறவர்கள் குடையை விரித்துக்கொள்வார்கள். மீன்கடைக்காரர் அவளுக்கு வேண்டியதைத் தெருமுனைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியைக் காப்பாற்றத் திரும்பி ஓடுவார். தேவாலயத்தில் அவளை நடு வரிசையில் உட்காரவைத்தால் நிலக்கரி மிச்சமாகும் என்று பாதிரியார் கண்டுபிடித்து, அந்தப் பணத்தில் மணிக்குப் புதுக் கயிறு வாங்கினார். நார்விச் நகரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து அவளுடைய நாடியைப் பிடித்தார், மேல்கோட்டைக் கழற்றினார், பிறகு உள்கோட்டையும் கழற்றினார், ‘ஆரோக்கியம்’ என்று எழுதினார், அவள் வீட்டு நாற்காலியிலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனார். கோடையில் அவள் எல்லோரையும்போலத்தான் இருந்தாள். எல்லோரையும்போல வெயிலைத் திட்டுவாள்.

எங்கள் ஊர் ஆண்கள் மீன் பிடிப்பார்கள், சிப்பி அள்ளுவார்கள், குளிர்காலத்தில் சதுப்பில் வாத்து சுடுவார்கள். இந்த மூன்றாவது தொழிலுக்கு ஒரு விதி இருந்தது. கடும்பனி விழுந்தால் கரையோரச் சேறு கல்லாகிவிடும். சேற்றில் புழு தேடித் தின்னும் பவளக்கால் உள்ளானின் அலகு அதில் இறங்காது. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துத்தான் பறவை நாளை ஓட்டவேண்டும். வெடிச் சத்தத்துக்கோ நாய்க்கோ பயந்து ஒருமுறை எழுந்து பறந்தால் ஒரு நாள் ஆயுள் செலவு. ஆகவே ஊர் வேட்டைச் சங்கத்தின் முன்னோர்கள், இரக்கத்தால் அல்ல, அடுத்த ஆண்டும் சுடுவதற்கு ஏதாவது மிஞ்சவேண்டுமே என்ற கவலையால், ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வேட்டைச் சங்கக் கொட்டகையின் வடக்குச் சுவரில், ஐந்தடி உயரத்தில், ஒரு வெப்பமானி. உறைநிலைக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. தினமும் காலை ஒன்பது மணிக்குச் சங்கச் செயலாளர் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து, அதே சுவரில் தொங்கும் பலகையில் எழுதவேண்டும். தொடர்ந்து பதினான்கு காலைகள் கோட்டுக்குக் கீழே இருந்தால் துப்பாக்கிகளை இறக்கிவிட வேண்டும். நாய்களும் பிள்ளைகளும்கூடச் சதுப்புப் பக்கம் போகக் கூடாது. அதன் பிறகு ஏழு காலைகள் தொடர்ந்து கோட்டுக்கு மேலே இருந்தால்தான் மறுபடி துப்பாக்கியைத் தூக்கலாம். ஆனால் பதினான்கு நிறையும் முன்பே ஒரே ஒரு காலை கோட்டைத் தாண்டிவிட்டாலும் பலகையைத் துடைத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். பத்துக் கட்டளைகளில் ஆறேழை மீறியவர்கள் ஹெம்ஸ்டேத்தில் தாராளமாக உண்டு. இந்த விதியை யாரும் மீறியதில்லை. மீறாமலே அதை எப்படி முறிப்பது என்பதைத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் கண்டுபிடித்தோம்.

ஹெஸ்டருடைய வேலை வேறு. பனி தொடங்கிய நாளிலிருந்து, கடல் இறங்கும் நேரம் பார்த்து, ஒரு காலி மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் போவாள். பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். அவ்வளவுதான். ரொட்டி போடமாட்டாள், கூப்பிடமாட்டாள், தலையைக்கூடத் திருப்பமாட்டாள். அவளைச் சுற்றி முப்பது கெஜத்துக்குச் சேறு இளகும். முதலில் பவளக்கால் உள்ளான்கள் வரும், பிறகு வளைமூக்கு உள்ளான்கள், பிறகு நெற்றியில் மஞ்சள் நாமம் போட்ட வாத்துகள் சீட்டியடித்துக்கொண்டு வரும். கல்யாணப் பந்திபோல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்னும். கடல் ஏறத் தொடங்கும்போது அவள் பெட்டியோடு எழுந்து வீட்டுக்குப் போவாள். வீட்டுக்குப் போவதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. சங்கக் கொட்டகை வழியாகப் போனால் பத்து நிமிடம். ஆனால் தான் பக்கத்தில் போனால் வெப்பமானி ஏறிவிடும், பலகை கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தேவாலயத்துக்குப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடப்பாள். இருபது குளிர்காலங்களில் ஒருமுறைகூட அவள் அந்தக் கொட்டகையை நெருங்கியதில்லை.

சங்கச் செயலாளராக அப்போது இருந்தவன் வில்ஃப்ரெட் பன். இதை எழுதுகிறவனும் அவன்தான் என்பதால் அவனைப் பற்றி நல்லதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். காலைக் கணக்கை எழுதியதும் அவன் கடலணைமேல் ஏறி நின்று, தூரத்தில் மீன்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஹெஸ்டருக்கு அன்றைய எண்ணைக் கத்துவான். “ஏழு!” என்பான். அவள் பின்னல் ஊசியை உயர்த்திக் காட்டுவாள். வீட்டுக்குப் போய்க் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். அவளை ஒரு தேநீருக்கு அழைக்கவேண்டும் என்று அவன் முடிவு செய்து அந்தக் குளிர்காலத்தோடு பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு முறையும் அணையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமி, இன்று அலை சீக்கிரம் ஏறும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். அலையைப் பற்றி அவனைவிட ஹெஸ்டருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும், “அப்படியா வில்ஃப்?” என்று ஆச்சரியப்படுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் கடலே உறைந்தது. டிசம்பர் முப்பதாம் தேதி வெப்பமானி கோட்டுக்குக் கீழே இறங்கியது, இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. படகுகள் துறையில் சிக்கி நின்றன. சிப்பிகள் ஓட்டுக்குள்ளேயே செத்தன. ஊரில் யாருக்கும் வேலை இல்லை. மிச்சமிருந்த ஒரே வருமானம், லண்டனிலிருந்து வாத்து சுட வருகிற துரைமார்கள். அவர்களுக்கு வழிகாட்டி ஹெஸ்டரின் தம்பி க்ளெம். அவர்கள் தங்குவது பெர்சியின் விடுதியில். ஆறு துரைமார்கள் வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்து, இரண்டு வாரம் தங்குவதாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை பதினான்காவது காலை.

வியாழக்கிழமை பெர்சியின் விடுதியில் க்ளெம் வந்து வில்ஃப்ரெட்டின் எதிரில் உட்கார்ந்தான்.

“டேய் வில்ஃப், சனிக்கிழமை நீ பதினாலுன்னு எழுதிட்டேன்னு வை, அந்த ஆறு பேரும் அடுத்த ரயில்லயே திரும்பிப் போயிடுவாங்க. அப்புறம் என் நாலு புள்ளைங்களுக்கும் பனிக்கட்டியத்தான் பொரிச்சுப் போடணும்.”

“அதுக்கு என்னை என்னடா பண்ணச் சொல்ற? வெப்பமானிய வாயில வச்சு ஊதவா?”

“நீ ஊத வேணாம். எங்கக்கா வந்து பக்கத்துல அஞ்சு நிமிஷம் நின்னா போதும்.”

“அவங்க வரமாட்டாங்க. இருபது வருஷமா சுத்திக்கிட்டுப் போறவங்க.”

“நான் கூப்பிட்டா வராது. நீ கூப்பிட்டா வரும். பதினாலு ஆயிடுச்சுன்னு சொல்லி ஒரு டீக்குக் கூப்பிடு. பதினோரு வருஷமா அதுக்குத்தானே முழுங்கி முழுங்கிச் செத்துக்கிட்டிருக்க? ஊருக்கே தெரியும். பெர்சியோட நாய்க்குக்கூடத் தெரியும்.”

“நாய்க்குத்தான் முதல்ல தெரிஞ்சுது” என்றான் பெர்சி, கிளாஸைத் துடைத்துக்கொண்டே.

இந்த இடத்தில், வில்ஃப்ரெட்டுக்கு விஷயத்தின் கனம் புரியவில்லை என்று எழுதிவிடலாம். எழுதுகிறவன் கையில்தானே இருக்கிறது. ஆனால் புரிந்தது. க்ளெமின் பிள்ளைகள் மெலிந்திருந்தது தெரியும். பறவைகள் அதைவிட மெலிந்திருந்ததும் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டு அவன் யோசித்தது, அம்மா விட்டுப்போன நீலக்கரைக் கோப்பை அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் பலகையில் பதிமூன்று என்று எழுதினான். அணைமேல் ஏறினான். “பதினாலு!” என்று கத்தினான்.

ஊசி உயரவில்லை. ஹெஸ்டர் பின்னலைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தாள். அவள் வர வர அணையோரத்துப் பனிப்பாளங்கள் படபடவென்று விரிசல் விட்டன.

“பதிமூணு இல்ல?”

“பதினாலு. முதல் நாள் நீங்க சளியில படுத்திருந்தீங்க. அன்னைக்கு நான் கத்தினது உங்களுக்குக் கேட்டிருக்காது. அதுல இருந்து எல்லாமே ஒன்னு குறைச்சலாத்தான் கேட்டிருக்கும்.”

“நீ கத்தினா நார்விச் வரைக்கும் கேக்குமே.” அவள் சிரித்தாள். “சரி விடு. என் கணக்கு எப்பவும் ஒன்னு உதைக்கும். இந்த ஸ்வெட்டரையே பாரு, ஒரு கை மனுஷனுக்கு, இன்னொரு கை குரங்குக்கு. அப்ப இன்னைக்கு இறக்கிட்டீங்களா எல்லாரும்?”

“இறக்கியாச்சு.”

அவள் திரும்பிச் சேற்றைப் பார்த்தாள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தபடியே, “பொழைச்சுதுங்க” என்றாள். அந்தச் சொல்லோடு அவன் இறங்கிப் போயிருக்கலாம். தொண்டையைச் செருமினான். இந்த முறை அலையைப் பற்றிப் பேசவில்லை.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு, கொட்டகைக்கு ஒரு டீ குடிக்க வர்றீங்களா? இனிமே நீங்க பக்கத்துல வந்தாலும் ஒன்னும் கெட்டுப்போகாதே.”

ஹெஸ்டர் அவன் பக்கம் திரும்பினாள். முப்பது கெஜத்துக்குள் அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது என்று வில்ஃப்ரெட் இன்றுவரை நம்புகிறான். “பதினோரு வருஷமா அலை ஏறுது, அலை ஏறுதுன்னு சொல்லிக்கிட்டிருந்த” என்றாள். “கடைசியில கடல் உறைஞ்சாத்தான் உனக்கு வாய் திறக்குது. வர்றேன்.”

சனிக்கிழமை அவள் நீலக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அதில் இறகு இல்லை. இறகு வைத்த தொப்பியை அவள் வாங்கியதே இல்லை. ஒரு துணியில் பிளம் கேக் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே துப்பாக்கிகள் வரிசையாகச் சாத்தியிருந்ததால், தான் வெளியிலேயே நின்றுகொள்கிறேன் என்று வடக்குச் சுவரோரம், சன்னல் பக்கத்தில் நின்றாள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அக்காவேதான் என்று க்ளெம் பிற்காலத்தில் வாதாடினான். வில்ஃப்ரெட் நீலக்கரைக் கோப்பையில் தேநீரைக் கொண்டுவந்து கொடுத்தான். கொட்டகையின் கூரை சொட்டத் தொடங்கியது. அணைக்குப் பின்னால் ஆறு துரைமார்களும் அவர்களுடைய நாய்களும் மூச்சுவிடாமல் நின்றிருந்தார்கள். தேவாலய மணி ஒன்பது அடித்தது. க்ளெமும் பெர்சியும் சாட்சிகளாக மூலையைத் திரும்பி வந்தார்கள். ஒருவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பொய் சொல்லப் பழகியவனாக இருந்தால் முதலில் பலகையை மாற்றி எழுதியிருப்பான். வில்ஃப்ரெட்டுக்கு அது தோன்றவே இல்லை. அவனுடைய கையெழுத்தில், ஊரிலேயே அழகான கையெழுத்து என்று பேர் வாங்கிய கையெழுத்தில், பலகையில் பதிமூன்று என்று இருந்தது. ஹெஸ்டர் அதை வாசித்தாள். பிறகு வெப்பமானியைப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே நான்கு விரல்கடை ஏறி, அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

“கோட்டுக்கு மேல” என்றான் வில்ஃப்ரெட். விதிப்படி உரக்கச் சொல்லவேண்டும்.

“மேல” என்றான் பெர்சி.

“மேல” என்றான் க்ளெம்.

வில்ஃப்ரெட் சட்டைக் கையால் பலகையைத் துடைத்தான். ஹெஸ்டர் கோப்பையில் கரண்டியைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“எத்தனை சர்க்கரை போட்ட?”

“ரெண்டு.”

“ஞாபகம் வச்சிருக்க.” அவள் கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்தாள். “வில்ஃப், நீ கூப்பிட்டேன்னுதான் இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு வந்தேன்.”

உருகிய நீரில் அவளுக்குக் கால் வழுக்கியது. விழாமலிருக்க உள்ளங்கையை வெப்பமானிக்குப் பக்கத்தில், சுவரில் ஊன்றிக்கொண்டாள். கையை எடுத்தாள், கேக்கை எடுத்துக்கொண்டாள், போனாள். அவள் தேவாலய மூலையைத் திரும்பும் முன்பே கோப்பையிலிருந்த தேநீர் உறைந்துவிட்டது. கரண்டி அதில் நட்டுவைத்ததுபோல நின்றது. அணைப் பக்கமிருந்து முதல் வெடி கேட்டது.

துரைமார்களைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிற பறவையைச் சுடுவது நாகரிகமில்லை என்பதில் ஆறு பேருக்கும் ஒரே கருத்து. வட்டத்துக்கு வருகிற வழியில் சுட்டார்கள். ஹெஸ்டர் நீலத் தொப்பியோடு ஓடிப்போய்த் தன் பெட்டியில் உட்கார்ந்தாள். கரை முழுக்கக் கல்லாகிக் கிடந்ததால் பறவைகளுக்கு அவளை விட்டால் போக இடமில்லை. நாலு திசையிலிருந்தும் அவளிடம்தான் வந்தன. வந்த வழியிலேயே விழுந்தன. வாத்துகள் விழுந்தன, சத்தத்துக்கு எழுந்து எழுந்து பறந்த உள்ளான்கள் குண்டு படாமலே விழுந்தன. மூன்றாம் நாள் அவளுக்குப் புரிந்தது, தான் அங்கே உட்கார்ந்திருப்பதுதான் அவற்றைத் துப்பாக்கிக்கு அழைக்கிறது என்று. பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு சேறு இளகவில்லை. பவளக்கால் உள்ளான்கள் அலைக்கோட்டில், கொடியிலிருந்து விழுந்த துணிகள்போல, வரிசையாகக் கிடந்தன. வில்ஃப்ரெட் அவற்றை ஒரு மீன்பெட்டியில் பொறுக்கினான். நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். என்ன சொல்வதற்காக என்று அவனுக்கே தெரியாது. கதவில் சுண்ணக்கட்டிக் கோடுகள் பதினான்கும் இருந்தன. பதினான்காவது மட்டும் நடுவில் விரலால் தேய்க்கப்பட்டிருந்தது. கதவு திறக்கவில்லை. அந்த வாசலில், முப்பது கெஜத்துக்குள்ளேதான் நின்றான், அவனுடைய பூட்ஸ் மட்டும் தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. வெறுங்காலுறையோடு வீட்டுக்கு நடந்தான். அதற்குப் பெர்சியின் நாய் சிரித்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஜனவரி இருபத்தாறாம் தேதி பலகை மறுபடி பதினான்கைத் தொட்டது. துப்பாக்கிகள் இறங்கின. துரைமார்கள் தங்கள் இரண்டு வாரத்தை முடித்துவிட்டு, அருமையான ஊர் என்று பெர்சியின் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். மார்ச் மாதம் கடல் உருகியது, படகுகள் போயின, தோட்டங்களில் பூ வந்தது. கொட்டகையின் வடக்குச் சுவர் மட்டும் உருகவில்லை. வெப்பமானி கோட்டுக்குக் கீழேயே இருந்தது. ஏப்ரலிலும் இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று க்ளெம் புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டினான். அது இன்னும் இரண்டு டிகிரி கீழே காட்டியது. வாளியில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள், வாளி வெடித்தது. ஜூலையில், ஊரே சட்டையைக் கழற்றிப்போட்டிருந்த நாளில், அந்தச் சுவரில் ஒரு உள்ளங்கை அளவுக்கு வெண்பனி பூத்திருந்தது. விரல்களைக்கூட எண்ணலாம். நாக்கால் தொட்டுப்பார்த்தவன் பெயரை அவனுடைய பேரப்பிள்ளைகளை முன்னிட்டு இங்கே எழுதவில்லை.

விதி தெளிவாக இருந்தது. தொடர்ந்து ஏழு காலைகள் கோட்டுக்கு மேலே இருந்தால்தான் துப்பாக்கியைத் தூக்கலாம். ஒரு காலைகூட இல்லை. செப்டம்பரில் வேட்டைக்காலம் பிறந்தது, வில்ஃப்ரெட் ஒன்பது மணிக்குப் பார்த்தான், “கோட்டுக்குக் கீழ” என்றான், சாட்சிகளும் வேறு வழியில்லாமல் கீழ, கீழ என்றார்கள். க்ளெம் அக்காவிடம் போய் ஏழு காலைகள் மட்டும் வந்து நிற்கும்படி கேட்டான். ஹெஸ்டர் அவனுடைய பிள்ளைகளுக்குக் கை சரியான ஸ்வெட்டர் நான்கு கொடுத்து அனுப்பினாள். வேறு எதுவும் கொடுக்கவில்லை. பிறகு அவன் வெப்பமானியைத் தெற்குச் சுவருக்கு மாற்றவேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தான். இடத்தை மாற்ற எல்லா உறுப்பினர்களும் சம்மதிக்கவேண்டும். எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர.

“டேய், உனக்கென்னடா கேடு? பலகையத் துடைச்சவனே நீதானே?”

“அதனாலதான்” என்றான் வில்ஃப்ரெட். வாழ்க்கையில் அவன் சரியான நேரத்தில் சொன்ன ஒரே சொல் அது. சொல்லிவிட்டு, நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்து கீழே விழுந்தான்.

அந்தத் தீர்மானம் ஆண்டுதோறும் வருகிறது. ஆண்டுதோறும் ஒரு கை உயர்வதில்லை. முப்பது ஆண்டுகளில் க்ளெமுக்கு முடி நரைத்தது, துப்பாக்கி துருப்பிடித்தது. இப்போது அவன் லண்டன்காரர்களைத் தொலைநோக்கியோடு கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறான். அவர்கள் எந்த வாத்தைப் பார்த்தாலும் அழகு, அழகு என்கிறார்கள் என்றும், ஒருவனாவது இது என்ன ருசி என்று கேட்கமாட்டேன் என்கிறான் என்றும் அவனுக்குத் தீராத குறை. எழுபத்தொன்பதிலும் எண்பத்தேழிலும் கடும்பனி வந்தது. ஹெஸ்டர் தன் பெட்டியோடு போய் உட்கார்ந்தாள். கரை முழுவதும் அமைதியாக இருந்தது. ஆனால் அறுபத்துமூன்றில் போனவை போனவைதான். பவளக்கால் உள்ளான்கள் பழைய கணக்குக்குத் திரும்ப இருபது ஆண்டுகள் பிடித்தன.

அவளுக்கு எழுபது வயதாகிறது. எல்லோரிடமும் பேசுகிறாள். க்ளெமிடமும் பேசுகிறாள். தேவாலயத்தில் இன்னும் நடு வரிசைதான். வில்ஃப்ரெட் கடைசி வரிசையில் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறான், பல் கிடுகிடுக்கும் சத்தம் பாட்டுக்கு நடுவே கேட்கிறது என்று புதுப் பாதிரியார் குறைபட்டுக்கொள்கிறார். தினமும் அவன் அணைமேல் ஏறி அன்றைய எண்ணைக் கத்துகிறான். பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டதால் கத்தி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. பனிக்காலங்களில் அவள் தூரத்தில் பின்னிக்கொண்டிருப்பது தெரியும். ஊசி உயர்வதில்லை. தேவாலயத்துக்குப் பின்புறமாகத்தான் இன்னும் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

போன ஜூலையில் தொலைநோக்கிக்காரர்களில் ஒரு பெண்மணி, வெயில் தாங்காமல் வடக்குச் சுவரோரம் ஒதுங்கியபோது, சன்னல் விளிம்பில் பனிமூடிய நீலக்கரைக் கோப்பையையும் அதில் செங்குத்தாக நிற்கும் கரண்டியையும் பார்த்துவிட்டு, இதை ஏன் யாரும் எடுத்துக் கழுவிவைப்பதில்லை என்று கேட்டார். பெர்சி பால் பாட்டில்களைக் குளிருக்காக அந்த விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தான். கோப்பை மேல் படாமல் கவனமாக ஒரு பாட்டிலை நகர்த்திவைத்தான்.

“அது ஹெஸ்டரோட டீம்மா” என்றான். “அவங்க இன்னும் குடிக்கல.”